தீவில் ரூம் போடுவதற்கு முன்

ஆவடி ரயில் நிலையத்திலிருந்து மேற்கே, வடக்கோ தெற்கோ ஒதுங்காமல், ஒரே அட்சரேகையில் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேருவோம்? கர்நாடகம் போகும், அரபிக் கடல் போகும், ஏமனின் தென்கோடி போகும். பிறகு ஆப்பிரிக்காவின் குறுக்கே சூடான், சாட், நைஜர். அப்புறம் அட்லாண்டிக் பெருங்கடல். அதையும் கடந்தால் எதிர்ப்படும் முதல் நிலம் பார்படோஸ் என்னும் கரீபியன் தீவு. அதன் தலைநகரான பிரிட்ஜ்டவுனும் நம் ஆவடியும் ஏறத்தாழ ஒரே 13.1 டிகிரி வடக்கில் இருக்கின்றன. இடையே சுமார் 15,000 கிலோமீட்டர். ஆனால் இரண்டு ஊருக்கும் பகலின் நீளம் ஒன்று, உச்சிவெயில் விழும் கோணமும் ஒன்று.

படத்தில் பார்க்கிற அந்தக் கரீபியன் நீலம் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தமான். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். அங்கிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் ஹேவ்லாக். 2018இல் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிவிட்டாலும் படகுத்துறையில் இன்னும் ஹேவ்லாக்தான். பத்து ரூம், பன்னிரண்டு ரூம் வைத்த சின்ன விடுதிகள் கரையோரம் நிறைய உண்டு. ஃபோனில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்: ஒரு தென்னை, ஒரு ஊஞ்சல், பின்னால் நீலம்.

அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் வாசற்படி ஏறியதும் கேட்கிற முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. “தண்ணி எப்படிங்க? போரா, மெட்ரோவா, லாரியா?” என்பதுதான். தீவு விடுதிக்கும் இதைவிடச் சரியான முதல் கேள்வி கிடையாது என்பேன். நகரத்தில் தண்ணீரும் மின்சாரமும் இணையமும் எங்கிருந்தோ வந்துவிடும். தீவில் ஒவ்வொரு விடுதியும் தன் தண்ணீரைத் தானே தேடி, தன் காற்றைத் தானே பிடித்து, கடலின் கால அட்டவணைக்குள் தன்னைப் பொருத்திக்கொண்டு நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், ரூமை அம்பத்தூரில் உட்கார்ந்தபடியே தேர்ந்தெடுத்துவிடலாம்.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். சுற்றிலும் உப்பு, அடியிலும் உப்பு. அப்படியிருந்தும் மணலும் பவளச் சுண்ணாம்பும் நிறைந்த தீவுக் கரைகளில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் தோண்டிய கிணற்றில் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கும்போது அங்கே ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் அதைவிட சுமார் 25 கிராம் கூட. அந்த 25 கிராம்தான் தீவில் மனிதன் வாழ முடிகிறதற்கே காரணம். மணலின் துளைகளுக்குள் இரண்டும் சட்டென்று கலந்துவிடுவதில்லை. நல்ல தண்ணீர் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், மூக்குக் கண்ணாடி வில்லையின் வடிவத்தில், நிலத்தடியில் மிதந்துகொண்டிருக்கிறது. இதற்கு நன்னீர் வில்லை என்று பெயர்.

இதன் கணக்கை 1880களின் இறுதியில் வில்லம் படோன் கெய்பன் என்ற டச்சுப் பொறியாளர் எழுதிவைத்தார். அதை அறியாமலே 1901இல் ஜெர்மானியரான அலெக்சாண்டர் ஹெர்ட்ஸ்பெர்க், வடகடலில் இருக்கும் நார்டர்னே என்ற தீவின் கிணறுகளை ஆராய்ந்து அதே கணக்குக்கு வந்து சேர்ந்தார். நார்டர்னே அன்றைக்கே விடுமுறைக்காரர்கள் போய்த் தங்குகிற தீவு! அவர்கள் கண்டது இது: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு பங்கு நின்றால், கீழே நாற்பது பங்கு இருக்கும். கிணற்றில் நீர்மட்டம் கடலைவிட 25 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே பத்து மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர்.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மோட்டார் போட்டு இழுத்து நீர்மட்டத்தைப் பத்தே சென்டிமீட்டர் நிரந்தரமாக இறக்கிவிட்டால், அடியிலிருக்கும் உப்புநீர் நான்கு மீட்டர் மேலேறி வரும். அதுவும் மோட்டாரின் குழாய்க்கு நேர் கீழே, கூம்பு மாதிரிக் குவிந்து வரும். அதனால்தான் விவரம் தெரிந்த தீவுக்காரர்கள் ஆழமான போர் ஒன்றைப் போட்டு உறிஞ்சுவதில்லை. ஆழமில்லாத நாலைந்து கிணறுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். நம்மூரில் தண்ணீர் வரவில்லை என்றால் ‘இன்னும் நூறடி இறக்கு’ என்போம். தீவில் இறக்க இறக்கக் கடல்தான் வரும்.

இப்போது மழையைப் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அந்தமானில் ஏறத்தாழ 3,000, அதாவது நம்மைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுவதற்குப் பத்து நாள் முன்பே, மே மூன்றாம் வாரத்தில், அந்தமானுக்கு வந்துவிடுகிறது. டிசம்பர்வரை ஏதாவது ஒரு பருவத்தின் மழை இருந்துகொண்டே இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல்வரை மட்டும் வானம் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருவது எப்போது? அதே ஜனவரி முதல் ஏப்ரல்வரை. வில்லை மெலிந்துகொண்டே வரும் நேரத்தில்தான் ஷவர்கள் அத்தனையும் திறக்கப்படுகின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பத்து ரூம், இருபது பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 4,000 லிட்டர். விடுதியின் கூரைப் பரப்பு 300 சதுர மீட்டர் என்றால், அதன்மேல் ஆண்டு முழுதும் விழும் மழை ஒன்பது லட்சம் லிட்டர். வீணாவதைக் கழித்தாலும் ஏழு லட்சம் தேறும். ஆண்டுத் தேவையில் இது பாதி. கூரை மட்டுமே பாதித் தேவையைத் தந்துவிடுகிறது! சிக்கல் மழையில் இல்லை. அதைச் சேர்த்துவைக்கும் தொட்டியில் இருக்கிறது. மழையில்லாத 120 நாளுக்கு வேண்டியது 4,80,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் நாற்பது லோடு. அத்தனையும் பிடிக்க 16 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் தொட்டி கட்ட வேண்டும். அது ரூம்களே எழும்பக்கூடிய இடம்.

அட்லாண்டிக்கில் இருக்கும் பெர்முடா தீவில் இந்தச் சிக்கலுக்கு வீட்டையே விடையாக்கிவிட்டார்கள். அங்கே ஆறில்லை, ஏரியில்லை. வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். கூரைகள் சுண்ணாம்புக் கல்லால் படிக்கட்டு மாதிரி அடுக்கப்பட்டு, வெள்ளை பூசப்பட்டிருக்கும். படிகள் ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்கும். தொட்டி வீட்டுக்கு அடியிலேயே இருக்கும். தமிழ்நாட்டிலும் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. நாம் பெரும்பாலும் நிலத்துக்குள் அனுப்புகிறோம், அவர்கள் தொட்டிக்குள் அனுப்புகிறார்கள். நமக்கு அடியில் உப்பு வெகு தூரம், அவர்களுக்குப் பக்கத்திலேயே. ஆகவே விடுதிக்கு ஃபோன் போடும்போது “கிணறா, மழைத்தொட்டியா, டேங்கரா? மார்ச் மாசத்துல எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அதையும் கவனியுங்கள்.

கடல்நீரையே குடிநீராக்க முடியாதா? முடியும். நவீன ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். ஆனால் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வேறொரு வழியைக் கண்டது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்தது இதுதான். லட்சத்தீவின் கவரத்தியில் கடலின் மேற்பரப்பு நீர் சுமார் 28 டிகிரி வெப்பம். 350 மீட்டர் ஆழத்தில் அதே கடல் வெறும் 12 டிகிரி. மேல்நீரை ஒரு பெரிய கலத்துக்குள் விட்டு, உள்ளே காற்றை உறிஞ்சி அழுத்தத்தைச் சாதாரண அளவில் நாற்பதில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், அந்த 28 டிகிரி நீர் அடுப்பே இல்லாமல் கொதிக்கிறது! உப்பு கீழே நின்றுவிட, ஆவி மட்டும் அடுத்த அறைக்குப் போகிறது. அங்கே ஆழ்கடலின் குளிர்நீர் ஓடும் குழாய்களில் பட்டு நன்னீராகச் சொட்டுகிறது. 2005இல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும் திறனோடு அந்த ஆலை கவரத்திக்கு வந்தது. 2007இல் சென்னைக்கு நேரே நடுக்கடலில் ஒரு மிதவையில் இதையே பத்து மடங்கு பெரிதாகச் செய்து காட்டினார்கள். நம் கணக்கிலிருக்கும் பத்து ரூம் விடுதியைப் போல இருபத்தைந்து விடுதிகளுக்குக் கவரத்தி ஆலை ஒன்றே போதும்.

தண்ணீர் இருக்கட்டும், கடலுக்கு வருவோம். ‘கடலைப் பார்த்த ரூம்’ என்று நம்பி ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் இறங்குகிறவர்கள் சிலர் மதியம் கதவைத் திறந்ததும் திகைத்துப்போவதுண்டு. காலையில் வாசலில் நின்ற கடல் காணாமல் போயிருக்கும். பாறையும் செத்த பவளமும் குட்டைகளுமாக வெகுதூரம் விரிந்துகிடக்க, அதற்கப்பால் ஒரு நீலக் கோடு தெரியும். விடுதிக்காரர் ஏமாற்றவில்லை. நிலவு தன் வேலையைச் செய்திருக்கிறது.

நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாள்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனால் சென்னைக்காரர்களுக்கு ஓதம் கண்ணில் படுவதே இல்லை. அந்தமானில் அது இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். இரண்டு மீட்டர் என்பது செங்குத்தாக. கரை ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிந்தால், கடல் நூறு மீட்டர் பின்வாங்கும். கரையோரம் பவளத்திட்டு தட்டையாக இருந்தால் அதைவிடவும் தூரம். ஒரே ஓதம்தான், ஆனால் மேற்கே ராதாநகரின் மணற்கரையில் இறங்கிக் குளிக்கலாம். கிழக்கே விஜயநகரில் செருப்புப் போட்டு நடக்க வேண்டியிருக்கும்.

ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு 12 மணி 25 நிமிடம். எனவே ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இதற்குள் ஒரு அழகான ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கின்றன. அன்றைக்கும் அதை ஒட்டிய ஓரிரு நாள்களிலும் ஓதம் மிகப் பெரிது. நிலவு பாதியாக இருக்கும் அஷ்டமி நாள்களில் ஒன்றின் இழுப்பை மற்றது குறைப்பதால் ஓதமும் ஏறத்தாழ பாதியாகச் சுருங்குகிறது. இன்னொன்று: ஒரு குறிப்பிட்ட கரையில், எல்லா அமாவாசைக்கும் எல்லாப் பௌர்ணமிக்கும் கடல் நிறைவது ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான். அதனால் விடுதிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: “அண்ணா, பௌர்ணமி அன்னிக்கு எத்தனை மணிக்குக் கடல் நிறையும்?” அவர் சொல்லும் மணியோடு, நாள் ஒன்றுக்கு 50 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கரையின் மாதக் கணக்கு கையில் வந்துவிடும். மீதி விவரம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் இருக்கிறது.

கிழக்குக் கரையின் அந்தப் பாறைத் தரையைக் குறையாகவே பார்க்க வேண்டாம். அதற்கப்பால் இருக்கும் பவளத்திட்டுதான் விடுதியைக் காக்கும் சுவர். உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டை உறிஞ்சிவிடுகின்றன என்று சொன்னது. கரைக்கு வந்து சேருவது நூறில் மூன்று பங்கு மட்டும். அந்த வெள்ளை மணலும் கூடத் திட்டிலிருந்து வந்ததுதான். கிளிமீன் என்று ஒரு மீன். அலகு மாதிரியான பற்களால் பவளத்தைச் சுரண்டித் தின்று, சுண்ணாம்பை அரைத்துக் கழிவாக வெளியேற்றுகிறது. நன்கு வளர்ந்த ஒரு மீன் ஓர் ஆண்டில் நூறு கிலோவுக்கு மேல் மணல் தரும். விடுதியின் வாசலில் இருக்கும் கடற்கரை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மீன்களின் வயிற்றில் அரைபட்டு வந்தது.

நிலமும் அங்கே அசையாமல் இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது அந்தமானின் வடக்குப் பகுதி ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்தது, தெற்கே போர்ட் பிளேர் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஓத அட்டவணை மாறவில்லை, ஊர் கீழே இறங்கியது. அதற்குமுன் வயலாக இருந்த சில இடங்களில் இன்று கடல்நீர் நிற்கிறது.

அடுத்தது காற்று. ஆவடியும் பார்படோஸும் ஒரே அட்சரேகை என்றேனே, இரண்டும் பிரியும் இடம் இதுதான். பார்படோஸில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே காற்று வீசும். வணிகக் காற்று என்று இதற்குப் பெயர். பாய்மரக் கப்பல்களை அமெரிக்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனது இதுவே. எனவே அந்தத் தீவின் கிழக்குக் கரையில் அலை சீறும், மேற்குக் கரை குளம்போல் அமைதியாக இருக்கும். நூற்றாண்டுகளாக மாறாத ஏற்பாடு என்பதால் அங்கே விடுதி பார்ப்பவருக்கு வேலை எளிது. நம் பக்கமோ ஆசியா என்னும் மாபெரும் நிலப்பரப்பு தலைக்குமேல் உட்கார்ந்திருக்கிறது. கோடையில் அது சூடேறிக் காற்றைத் தன் பக்கம் இழுக்கிறது, குளிர்காலத்தில் ஆறித் திருப்பி அனுப்புகிறது. மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்கிலிருந்து. நவம்பர் முதல் பிப்ரவரிவரை வடகிழக்கிலிருந்து. அந்தமானில் எந்தக் கரை நல்ல கரை என்ற கேள்விக்கு மாதத்தைச் சொல்லாமல் பதிலே கிடையாது. ஜனவரியில் ராதாநகரின் மேற்குக் கடல் தணிந்திருக்கும். ஜூலையில் அதே இடத்தில் அலை எழும்பும்.

காற்று இல்லாத பக்கம் அமைதி என்று நினைத்தால், அங்கே மணல் ஈ காத்திருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னப் பூச்சி. கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். விடியலிலும் அந்தியிலும் மணலை ஒட்டிப் பறக்கும். அவ்வளவு சின்னது என்பதால் லேசான காற்றைக்கூட அதனால் எதிர்க்க முடியாது. தாழ்வாரத்தில் ஒரு ஃபேன் ஓடினால் போதும், கிட்டே வராது. வாசலில் ஃபேன் வைத்திருக்கிற விடுதிக்காரர் தன் கரையை அறிந்தவர்.

கடற்காற்றின் அருமை மேற்குப் புறநகர்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதத்தில் மெரினாவில் காற்று திரும்பிய பிறகும் ஆவடியும் பூந்தமல்லியும் வெந்துகொண்டிருக்கும். அது உள்ளே வந்து சேர்வதற்குள் மதியம் சாய்ந்துவிடும், சில நாள் வராமலே போய்விடும். காரணம் எளிது: நிலம் வேகமாகச் சூடேறும், கடல் மெதுவாக. நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று கரையேறி உள்ளே நடந்து வருகிறது. தீவில் எந்த இடமும் கடலுக்குச் சில கிலோமீட்டருக்குள்தான். அங்கே காற்று சுற்றிலும் இருந்து உள்ளே வந்து நடுவில் முட்டி மேலே எழும்புவதால், வெயில் நாள் மதியங்களில் தீவுக்கு நேர் மேலே மட்டும் மேகம் கட்டும். பசிபிக் மாலுமிகள் அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் தீவை இந்த மேகத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காற்று ரூமுக்குள் வருமா என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜன்னல்களை எண்ணுங்கள்; எத்தனை ஜன்னல் என்பதைவிட எத்தனை சுவரில் என்று. ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் இருந்தாலும் காற்று உள்ளே வராது, ஏனென்றால் வெளியேற வழியில்லை. எதிர்ச்சுவரில் ஒரு திறப்பு இருந்தால்தான் அது ஓடும். கரீபியனின் பழைய விடுதிகளில் மரப்பட்டைகளைச் சாய்வாக அடுக்கிய ஜன்னல்கள் இருக்கும்: மழையைத் தடுக்கும், காற்றை விடும். கூரை நாலு பக்கமும் சரிந்திருக்கும். இரண்டு பக்கச் சரிவுள்ள கூரையைப் புயல்காற்று அடியில் பிடித்துத் தூக்கிவிடும். நாலு பக்கச் சரிவில் அதற்குப் பிடி குறைவு. அந்தமானிலும் உயரமான கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் உள்ள மரக் காட்டேஜ்கள் உண்டு. சூடான காற்று மேலே போய்விடுவதால் கட்டிலின் மட்டத்தில் குளிர்ச்சி தங்கும்.

ரூமுக்கு வெளியே ஏசி பெட்டி தொங்கினால் அதை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பின்புறத்து மெல்லிய அலுமினியத் தகடுகள் உதிர்ந்து வெள்ளைப் பொடியாக இருந்தால், உப்புக்காற்று நேரே அடிக்கிற இடம் என்று அர்த்தம். ரூமுக்கு அது நல்ல காற்று. ஏசிக்குக் கெட்ட காற்று. ஏசிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடும் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் மூன்றரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஒரு ஏசி எட்டு யூனிட் எடுத்தால், ஒரு ரூமின் ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் டீசல். அதுவும் கடல் கடந்து கப்பலில் வந்தது. நெய்வேலி நிறுவனம் 2020இல் போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பெரிய பேட்டரிகளோடு அமைத்தது. அப்படியும், எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் உள்ள ரூமைத்தான் நான் எடுப்பேன்.

கிழக்குப் பார்த்த ரூமென்றால் கனமான திரை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தமான் நமக்குக் கிழக்கே பன்னிரண்டரை டிகிரி தள்ளி இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம். ஆகவே சூரியன் அங்கே நமக்கு ஐம்பது நிமிடம் முன்பே எழுகிறது. கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். கோடையில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். டிசம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், எனவே நான்கு மணிக்கு வரும் ஓதம் அந்த நாளின் கடைசிக் குளியலுக்கானது.

இவ்வளவையும் அம்பத்தூரில் உட்கார்ந்து விசாரிக்க முடிவதே ஒரு அதிசயம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குக் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் 2,300 கிலோமீட்டர். ஹேவ்லாக்கும் அதில் ஒரு நிறுத்தம். அதற்குமுன் தீவு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. இப்போது உங்கள் கேள்வி ஒளித்துடிப்பாக வங்கக் கடலின் அடியில் ஓடுகிறது. கேபிள் முழு நீளத்தையும் அது கடக்க ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதல் நேரம் ஆகும்.

அந்த வழியாக வருகிற நட்சத்திர மதிப்பெண்களை எப்படி நம்புவது? ஒரு விடுதிக்குப் பதினொரு பேர் கருத்துச் சொல்லி, பதினொருவரும் நல்லது என்கிறார்கள். இன்னொன்றுக்கு 640 பேர் சொல்லி, 610 பேர் நல்லது என்கிறார்கள். முதலாவது நூற்றுக்கு நூறு, இரண்டாவது 95. முதலாவதை எடுக்கலாமா? பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் இதற்கு ஒரு விதி தந்தார். நல்லது என்றவர்களோடு ஒன்றைக் கூட்டு, மொத்தத்தோடு இரண்டைக் கூட்டு, பிறகு வகு. முதலாவது பதின்மூன்றில் பன்னிரண்டு, அதாவது 92 விழுக்காடு. இரண்டாவது 642இல் 611, அதாவது 95. வரிசை மாறிவிட்டது! கற்பனையாக ஒரு நல்லவரையும் ஒரு குறைசொல்பவரையும் சேர்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். சின்னக் கூட்டத்தை அந்த இருவர் அசைத்துவிடுவார்கள், பெரிய கூட்டத்தை அசைக்க முடியாது.

ஆனால் தீவைப் பொறுத்தவரை மதிப்பெண்ணைவிட மாதம் முக்கியம். ஆகஸ்டில் தங்கியவர் ‘தண்ணீர் தாராளம்’ என்று எழுதியது உங்கள் மார்ச் பயணத்துக்கு உதவாது. ஜனவரியில் ‘கடல் கண்ணாடி மாதிரி’ என்றவர் ஜூலையைப் பார்க்கவில்லை. ‘கடலையே காணோம்’ என்று கோபமாக ஒருவர் எழுதியிருந்தால் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டியிருக்கும். நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தால், சோப்பு நுரைக்கவில்லை என்பதிலிருந்து வில்லையின் நிலை தெரியும், ராத்திரி ஃபேன் நின்றது என்பதிலிருந்து டீசலின் நிலை தெரியும்.

கடைசியாகத் திரும்பி வருவது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானுக்கு அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. படகுகள் நின்றன. ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்டுவந்தன. அந்தத் தாழ்வு அங்கே கலைந்துவிடவில்லை. வலுத்து, வங்கக் கடலைக் கடந்து, டிசம்பர் 12ஆம் தேதி வர்தா என்ற பெயரோடு சென்னைக்கே வந்தது. அன்று நம் விமான நிலையமும் மூடப்பட்டது, நகரெங்கும் மரங்கள் சாய்ந்தன. ஹேவ்லாக்கில் ஒரு விடுதியின் கதவைத் தட்டிய காற்றும், ஐந்தாறு நாள் கழித்து அம்பத்தூரில் தூங்குமூஞ்சி மரத்தைச் சாய்த்த காற்றும் ஒரே புயலின் இரண்டு நாள்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வாரந்தோறும் வியாழக்கிழமை, அடுத்த இரண்டு வாரங்களில் வங்கக் கடலில் தாழ்வு உருவாகும் வாய்ப்பு எவ்வளவு என்று அறிவிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வியாழன்களிலும் அதைப் பார்த்துவிடுங்கள். எந்த மாதமானாலும் கடைசி இரவுக்கு ஹேவ்லாக்கில் ரூம் போடாமல், விமானம் ஏறும் ஸ்ரீ விஜய புரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். படகு ஒரு நாள் தாமதமானாலும் விமானம் தப்பாது.